பொற்சிலுவையும் தகரவில்லையும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில், புசல்லாவையைக் கடந்து இறம்பொடையை அடைந்ததும் பிரயாணிகள் வண்டியை நிறுத்தி நீர்வீழ்ச்சியைப் பார்க்கின்றனர். மலைநாட்டை வீதிகளால் திறந்துவிட்டவர் என்று பெயர் வாங்கியவர், 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த சேர் எட்வேர்ட் பார்ன்ஸ். அவர் மார்பில் துலங்கிய பதக்கங்களின் கதை சுவையானது.

1815இல் அவர் ஆங்கில நாட்டின் 'பாத்' பட்டக்குழாத்தில் சேர்க்கப்பட்டார். அவ்வாண்டே வாட்டர்லூப் போரிற் காயமுற்றார். அதன் பின்னர் ஒஸ்திரியாவின் மரியா தெரேசா விருதும், ருஷ்யாவின் புனித அன்னாள் விருதும் அவரைத் தேடி வந்தன. 1831இல் 'பாத்' குழாத்தின் முதற்படியான பெருஞ்சிலுவையும் கிடைத்தது. ஐரோப்பிய மன்னர்கள் தம் வீரரையும் பிரபுக்களையும் சேர்த்து வைத்த கூட்டங்களே இப் பட்டக்குழாங்கள். மூன்றாம் எட்வேர்ட் 1348இல் நிறுவிய 'கார்ட்டர்' இவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று.

இலங்கைக்கும் இவற்றுக்கும் இன்னொரு தொடர்புண்டு. 1805 முதல் 1811 வரை இங்கே தேசாதிபதியாக இருந்த சேர் தோமஸ் மெயிற்லண்ட், பின்னர் மோல்ட்டாவையும் அயோனியத் தீவுகளையும் ஆளச் சென்றார். அத்தீவினரைக் கௌரவிப்பதற்கென 1818இல் புனித மைக்கல், புனித ஜோர்ஜ் குழாம் பிறந்தபோது அதன் முதற் தலைவர் அவரே. வெண்ணிற எனாமல் பூசிய ஏழு கைச் சிலுவை அதன் சின்னம். காலப்போக்கில் அது குடியேற்ற நாட்டு உத்தியோகத்தர்களின் கனவாயிற்று. பொன்னம்பலம் இராமநாதனுக்கு 1889இல் அதன் மூன்றாம்படிச் சின்னம் வந்தது.

இன்று இச் சின்னங்களைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உளர். எனாமல் உதிர்ந்திருக்கிறதா, நாடா பழையதுதானா என்று கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். ஆங்கிலச் சின்னங்களிற் பல 1887 வரை பொன்னாலும், அதன்பின் பொன்முலாம் பூசிய வெள்ளியாலும் செய்யப்பட்டமையால் ஆண்டறிதல் முதற் பாடம். அதிலும் கடினமானது வேறொன்று. ஆங்கிலப் போர்ப் பதக்கங்களின் விளிம்பிற் பெரும்பாலும் போர்வீரனின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். பட்டக்குழாத்துச் சிலுவையிலோ பொதுவாகப் பெயரே இராது. இது இன்னாருடையது என்று சொல்லக்கூடியவை உடன் வந்த பத்திரமும் கடிதமும் புகைப்படமுந்தான். வீட்டார் பொன்னைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவர். காகிதத்தைக் கறையானுக்கு விடுவர். அத்துடன் அச்சிலுவை ஊமையாகிவிடும்.

ஊமைப் பொருளுக்குக் கதை கட்டி விற்போருக்கும் குறைவில்லை. ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். 1874இல் முத்துக்குமாரசுவாமியும், 1913இல் அருணாசலமும் 'சேர்' பட்டம் பெற்றனர். எக்குழாத்தையும் சாராத தனிப்பட்டம் அது. அதற்கெனச் சின்னம் ஏற்பட்டதோ 1926இல். முன்னவர் 1879இலும் பின்னவர் 1924இலும் மறைந்துவிட்டனர். ஆகவே அவர்கள் அணிந்த 'சேர்' பட்டச் சின்னம் என்று எவரேனும் ஒன்றைக் கொண்டுவந்தால் விலை கேட்க வேண்டியதில்லை.

பெயரில்லாத இன்னொரு பதக்கமும் இம்மலைகளுக்கு ஏறி வந்ததுண்டு. பார்ன்ஸ் காலத்து வீதிகள் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் வெட்டப்பட்டன. 1832இல் அது ஒழிந்தது. பிறகு கோப்பிக்கும் தேயிலைக்கும் ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் திரட்டினர். 1901இல் 'டின் டிக்கட்' என்ற முறை வந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகரவில்லையொன்றைக் கழுத்திற் கட்டி அனுப்பிவிடுவார்கள். அந்த வில்லையைக் காட்டினால் வழிப்பயணம் நடக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். ஆள் தவறாமல் தோட்டம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவே. சரக்கு மூட்டைக்குக் குறியிடுவதும் இப்படித்தான்.

சிலுவையிற் பெயர் இல்லாவிட்டாலும் பெற்றவரின் பெயர் இலண்டன் அரசிதழில் அச்சேறியது. நூற்றாண்டு கழித்தும் புரட்டிப் பார்க்கலாம். தகரவில்லைக்கு உரியவரைத் தேடுவோர் தோட்டத்துப் பேரேடுகளையே நம்ப வேண்டும். பேரேடுகளும் காகிதமே. தோட்டங்கள் கைமாறிக் கைமாறி, 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. இத்தனை மாற்றங்களுக்கிடையே பழைய கணக்கேட்டைப் பொன்போற் காக்க யாருக்குப் பொழுதிருக்கும்?

பிரித்தானிய விருதுகளுக்கு ஆட்களைச் சிபாரிசு செய்வதை இலங்கை அரசு 1956இல் நிறுத்திவிட்டது. அதனாலேயே இங்குள்ள பழைய சின்னங்களுக்கு அருமை கூடியிருக்கிறது. ஏலக்கடைகளில் அவற்றுக்கு இடமுண்டு. தகரவில்லைக்கு அந்த மவுசு ஏது? துருப்பிடித்த ஒன்று, பாட்டியின் தகரப்பெட்டியில் வெற்றிலைப் பாக்குடன் கிடந்தால், பழைய இரும்பு வாங்க வருபவரின் சாக்கிற்குள் போய்விடக் கூடும். கம்பளைக்கு அண்மையில், பழைய லயன் அறைகளிலேயே தோட்டத் தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகம் 2007இல் திறக்கப்பட்டிருக்கிறது. இறம்பொடை லயங்களில் அப்படியொரு பெட்டியைத் திறப்பவர்கள், வில்லையை அங்கே காட்டலாம். அது எந்தத் தோட்டத்தது, கட்டியிருந்தவர் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதைப் பாட்டியிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, வில்லையோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுபோக வேண்டும்.