காற்றுக்குழாயின் நீளத்தில் ஒரு கணக்கு



மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி ரோட்டரி இன்ஜினில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. முக்கோண வடிவ ரோட்டார்கள் இரண்டு சுழல்கின்றன. அமெரிக்காவில் சொந்தமாக விமானம் கட்டுவோர் சிலர் இதையே தங்கள் சிறு விமானங்களில் பொருத்துகிறார்கள். ஆனால், காற்று உள்ளே வரும் பாதையை மாற்றியாக வேண்டும்.

கார் நின்று, நகர்ந்து, விரைந்து ஓடுவது. அதற்கேற்பத் திறந்து மூடும் தடுப்பிதழ்கள் அதன் காற்றுக்குழாயில் உண்டு. விமானமோ மணிக்கணக்கில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் பறப்பது. எனவே கூடுதல் இதழ்களைக் கழற்றிவிட்டு, அந்த வேகத்துக்குப் பொருந்தும் நீளத்தில் எளிய குழாய்களை அமைக்கிறார்கள்.

நீளம் ஏன் முக்கியம்? ஒரு ரோட்டாரின் காற்றுவாய் மூடியதும், பாய்ந்துவந்த காற்று முட்டி, அழுத்த அலையாகத் திரும்புகிறது. அடுத்த ரோட்டாரின் வாய் மூடுவதற்குச் சற்று முன் அந்த அலை அங்கே சேர்ந்தால், கூடுதல் காற்று உள்ளே போகும், சக்தியும் கூடும். அலை எப்போது போய்ச் சேரும் என்பதைக் குழாயின் நீளமே முடிவுசெய்கிறது.

1991இல் லெ மான் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரில், ஓடும்போதே இன்ஜின் வேகத்துக்கேற்ப நீளம் மாறும் குழாய்கள் இருந்தன. வானில் பறக்க, சரியாகக் கணித்த ஒரே நீளம் போதும்!