தெருமுகங்களின் ஒளியியல்

தெருமுகப்படம் என்பது, ஒளியரங்கின் விளக்குகளும் பின்திரைகளும் இன்றி, பலரும் நடமாடும் வெளியில், அவ்வெளியின் ஒளியைக் கொண்டே, முன்னர் அறிந்திராத ஒருவரின் முகத்தைத் தலைமைப் பொருளாக வைத்து எடுக்கும் ஒளிப்படமாகும். தெருக்காட்சிப் படத்தில் மாந்தர் தெருவின் உறுப்பாவர். தெருமுகப்படத்திலோ தெரு முகத்தின் உறுப்பாகிறது. எடுக்கும் முறையால் இது இருவகைப்படும். ஒருவரிடம் கேட்டு எடுப்பது இசைவுப்படம். அவர் அறியாமல் எடுப்பது மறைவுப்படம்.

முதன்முதல் ஒளிப்படத்தில் பதிந்த மாந்தரும் தெருவில் நின்றவரே. 1838-ஆம் ஆண்டு ஒளிப்பட முன்னோடி டாகுவேர் பாரிசு நகரின் தம்பிள் பெருந்தெருவை உயரத்திலிருந்து படமெடுத்தபோது, ஒளியேற்பு சில மணித்துளிகள் நீண்டமையால், நடந்தவரும் ஊர்ந்த வண்டிகளும் தடமின்றி மறைய, காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள அசையாது நின்ற ஒருவர் தகட்டில் தங்கினார். அவர் முகம் தெரியவில்லை. அவருக்குத் தாம் பதிவானதும் தெரிந்திராது. மறைவுப்படம் பின்னர் ஒரு கலையாகவே வளர்ந்தது. நியூயார்க்கு நகரில் 1916-இல் பால் சிட்ராண்டு, ஒளிப்படக் கருவியின் பக்கவாட்டில் போலி வில்லையொன்றைப் பொருத்தி, வேறெங்கோ பார்ப்பவர்போல் நின்று முகங்களை எடுத்தார். 1938 முதல் 1941 வரை வாக்கர் எவான்சு அந்நகரின் நிலத்தடித் தொடர்வண்டியில் மேலங்கிக்குள் கருவியை ஒளித்து எதிரிருக்கையாளரைப் பதிந்தார். அப்படங்களின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆயினும் கேட்டு எடுப்பதே எனக்கு உகந்தது. “அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்றால், “இருப்பா, முடிய ஒதுக்கிக்கிறேன்” என்பவரே மிகுதி. ஒதுக்கியபின் விறைக்கும் அம்முகம், முதற்படம் முடிந்ததென்று எண்ணித் தளரும் நொடியில் இரண்டாவதை எடுத்தல் வேண்டும்.

இனி ஒளி. சென்னை வட குறுக்குக்கோடு 13 பாகையில் அமைந்த நகர். ஆதலின் ஆண்டுக்கு இருமுறை, சித்திரைப் பத்தாம் நாளை ஒட்டியும் ஆவணித் தொடக்கத்திலும், நண்பகல் ஞாயிறு உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கிறது. அவ்வேளையில் புருவமேடு கண்குழியை இருளச் செய்யும். மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும். கண்மணியில் மின்னும் சிறு வெண்புள்ளியாகிய விழியொளி அறவே இராது. தை, மாசித் திங்கள்களிலோ ஞாயிறு தெற்கே சாய்ந்து செல்வதால், கிழக்கு மேற்காக ஓடும் தெருவின் தென்சிறகுக் கடைகள் பகல் முழுதும் தம் நிழலிலேயே இருக்கின்றன. வடசிறகின் வெள்ளைச் சுவர்கள் வெயிலை வாங்கி எதிரே வீசுகின்றன. ஒளியரங்கில் பெரும்பொருள் செலவிட்டு அமைக்கும் மென்னொளிப் பலகையை, மயிலாப்பூரின் தெற்கு மாடத்தெரு ஆண்டுதோறும் விலையின்றித் தருகிறது. கடைவாயிலின் விளிம்பில் ஒருவரை நிறுத்தி வடக்கே பார்க்கச் சொன்னால், எதிர்ச்சுவர் முழுதும் அவர் விழியொளியாய் அமைந்துவிடும்.

முகத்தின் வடிவைத் தீர்மானிப்பது தொலைவு. அகல்வில்லை மூக்கைப் பெரிதாக்குகிறது என்பர் பலர்; ஆயின் வில்லைமேல் குற்றமில்லை. மூக்கு நுனிக்கும் காதுத்துளைக்கும் இடைவெளி ஏறத்தாழ 12 செ.மீ. என்று கொள்வோம். 50 செ.மீ. தொலைவில் நின்று எடுத்தால் காது 62 செ.மீ. தள்ளியிருக்கும், மூக்கு அதனினும் 24 விழுக்காடு பெருத்துத் தோன்றும். 2 மீட்டர் விலகி நின்றால் அவ்வேறுபாடு 6 விழுக்காடாகச் சுருங்கும். எந்த வில்லையாயினும் கணக்கு இதுவே. வில்லை செய்வது காட்சியை அகலமாகவோ குறுக்கியோ வெட்டித் தருவது மட்டும். அகல்வில்லையோடு முகத்தை நிறைக்க அருகே போய்விடுகிறோம், அவ்வளவே. கைப்பேசிக்காரரும் ஒன்றரை மீட்டருக்குக் குறையாது நின்று, பின்னர் வேண்டிய அளவு வெட்டிக்கொள்வது நலம்.

வில்லையில் ஒளி புகும் துளைவாயைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். அதன் அளவைக் குறிக்கும் துளையெண் சிறிதாயின் துளை பெரிது. துளை பெரிதாயின் தெளிவாகத் தோன்றும் ஆழம், அதாவது தெளிவாழம், குறைவு. 35 மி.மீ. சட்டக அளவுள்ள உணரியும் 85 மி.மீ. வில்லையும் கொண்டு 2 மீட்டரில் எடுக்கையில், துளையெண் 1.8-க்குத் தெளிவாழம் ஏறத்தாழ 6 செ.மீ.; 4-க்கு ஏறத்தாழ 13 செ.மீ. முன்னதில் விழி தெளியக் காது கரையும். பின்னதில் முகம் முழுதும் தெளியும். பின்னணியைப் பாலாகக் கரைத்துவிடும் இன்றைய வேட்கை எனக்கு உடன்பாடன்று. தெருவையே அழித்துவிட்டுத் தெருமுகம் என்பது எங்ஙனம்?

அந்தி மயங்கியபின் வேறொரு நுட்பம் தலைகாட்டும். நம் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைவது, எல்.இ.டி. என வழங்கும் ஒளியுமிழி விளக்குகளில் மலிவானவை அதனால் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண் இதனை உணராது; நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கில் திறந்து மூடும் கருவி உணரும். படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் ஓடும். மூடுதிரையின் திறப்பை 1/100 அல்லது 1/50 நொடியாக வைத்தால் முழுத்துடிப்புகள் உள்ளடங்கிப் பட்டைகள் மறையும்.

இனி, கருவியின் ஒளியளவி எத்தகையது? எதைக் காட்டினும், அது 18 விழுக்காடு ஒளியை எதிரொளிக்கும் இடைச்சாம்பலே என்று கொண்டு கணக்கிடுவது. வெள்ளைச் சுவர்முன் நிற்கும் கருந்தோலர் இதனால் கரிக்கோட்டுருவாகிறார். இருண்ட கடைவாயிலில் படத்தை நிறைக்கும் கருமுகமோ சாம்பல் பூத்து வெளிறுகிறது. ஒளியை இரட்டிப்பதையோ பாதியாக்குவதையோ ஒரு படி என்போம். சுவர்முன் நிற்பவருக்கு ஒரு படி கூட்டவும், கடைவாயிலில் நிற்பவருக்கு அரைப்படி முதல் ஒரு படி வரை குறைக்கவும் கை பழக வேண்டும்.

எடுக்கையில் நேரும் இந்தத் தொடக்கப் பிழை பின்னர்ச் செய்யும் திருத்தத்திலும் தொடர்வது ஏன் என்பதை எண்களே காட்டும். கருவி செப்பனிடாது தரும் மூலக்கோப்பு 14 ஈரெண் இலக்கங்களில் பதிவாயின், அதில் 16,384 ஒளிநிலைகள் உள்ளன. உணரி ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுவதால், மிகப்பொலிந்த ஒரு படி மட்டும் அவற்றுள் 8,192 நிலைகளை எடுத்துக்கொள்கிறது, அடுத்த படிக்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048, ஆறாம் படிக்கு எஞ்சுவது 256. குறைந்த ஒளியேற்பில் கருந்தோல் அக்கீழ்ப்படிகளில் வீழ்கிறது. அங்கிருந்து அதனைத் தூக்கினால், நிலைகளின் வறுமையும் உணரியின் இரைச்சலும் கன்னத்தில் மணலாய்த் தெரியும். ஆகவே வானம் வெளிறினும் வெளிறட்டும். முகத்திற்கு உரிய ஒளியை எடுக்கும்போதே கொடுத்துவிடல் வேண்டும்.

திருத்தத்தில் முதலாவது வெண்மைச் சீராக்கம். நண்பகல் வெயில் ஏறத்தாழ 5,500 கெல்வின். தெளிந்த வானத்தின் நிழல் 7,000-க்கும் மேல். இவை இரண்டும் ஒரே படத்தில் கலப்பதே நம் தெருவின் இயல்பு. நீலத் தார்ப்பாயின் கீழ் பூக்கட்டும் ஓர் அம்மையாரைக் காண்க. அவர் நெற்றியும் கன்னமேடும் தார்ப்பாய் வடித்த நீலத்தை ஏற்றிருக்கும்; மடியிலுள்ள மல்லிகையின் ஒருபாதி வெயிலில் வெண்மையாகவும் மறுபாதி நிழலில் நீலமாகவும் கிடக்கும்; தாடையின் அடியிலோ மடிமேல் விழுந்த வெயில் மேலெழுந்து புடைவையின் சிவப்பைப் பூசியிருக்கும். படம் முழுமைக்கும் ஒரே சீராக்கம் செய்தால், முகம் தேறும்போது பின்னணித் தெரு மஞ்சள்காமாலை கொண்டாற்போல் ஆகிவிடும். முகத்திற்கு மட்டும் ஒரு மறைப்புத்தளம் வரைந்து, அதனுள் நீலத்தைச் சிறிதே குறைத்தல் முறை. முற்றும் நீக்குதல் தவறு. அவர் தார்ப்பாயின் கீழ் அமர்ந்திருக்கிறார் என்பதை அந்நீலத்தின் எச்சமே சொல்கிறது.

எவ்வளவு குறைப்பது என்பதற்கு அளவுகோல் உண்டு. தோலின் நிறத்தை ஆக்குவன கருநிறமியாகிய மெலனினும் குருதியின் சிவப்பு நிறமியுமே. ஆதலின் உலக மாந்தரின் தோல்கள் பொலிவில் பெரிதும் வேறுபடினும், நிறச்சாயலில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே ஒரு குறுகிய பட்டைக்குள் ஒடுங்குகின்றன. திரைப்பட நிறத்திருத்தர் நிறவட்டக் காட்டியில் தோலுக்கென ஒரே கோட்டை நம்பி உழைப்பதும் இதனாலேயே. நோர்வீசியர் முகமும் நெல்லைச் சீமையார் முகமும் அக்கோட்டின் அருகிலேயே அமையும். ஆகவே திருத்துபவர் தொடவேண்டியது சாயலை. பொலிவை உயர்த்தி வெளுக்கச் செய்தல் திருத்தமாகாது. ஒளிப்படத்தொழிலோ நெடுங்காலம் இதனைத் தலைகீழாகச் செய்தது. அச்சுக்கூடங்கள் நிறத்தை ஒப்புநோக்கக் கோடாக் நிறுவனம் வழங்கிய ‘சர்லி அட்டை’யில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைத்தோல் பெண்ணின் முகமே, கருமுகங்கள் அதற்கேற்ப அச்சாகி விவரம் இழந்தன. இன்று கைப்பேசிகளின் அழகூட்டும் பொறியமைவு அவ்வட்டையின் வேலையைக் கேளாமலே தொடர்கிறது. எடுக்குமுன் அதனை அணைத்துவிடுக.

தோலில் எதை நீக்கலாம்? ஒரு கிழமையில் தானே மறையும் பரு நீங்கலாம். வடுவும் மச்சமும் சுருக்கமும் அவருடையவை; அவற்றை அழித்தல் பிழை. நுண்விவரத்தைக் கூட்டும் கருவியை முதியோர் முகத்தில் இழுத்துப் பள்ளங்களை வெட்டுவதும் இவ்வகைப் பிழைதான், ஆயின் அதற்குக் கலை என்று பெயர்.

இறுதியாக அச்சு. இசைவு தந்தவருக்கு ஓர் அச்சுப்படி கொடுப்பது கடன். திரை தானே ஒளிர்வது. தாள் பிறிதொளியை வாங்கித் தருவது. ஆதலின் திரையில் சரியாகத் தோன்றிய கருந்தோல் தாளில் மேலும் இருளும். இடைநிலை ஒளிகளைச் சற்றே உயர்த்தி, ஒரு சிறுதுண்டை அச்சிட்டுப் பகலொளியில் பார்த்துப் பின் முழுப்படத்தை அச்சிட வேண்டும். தாளையும் ஆளறிந்து தெரிக. வீட்டு மைவீச்சு அச்சுப்பொறியின் சாயமை, நாளெல்லாம் பூவுக்கு நீர் தெளிக்கும் ஈரக்கை பட்டால் கசியும். ஒளிப்பட அச்சகத்தார் ஒளியால் அச்சிட்டுத் தரும் நெகிழி பூசிய தாள் கசியாது, துணியால் ஒற்றிவிட்டால் போதும்.