எங்கள் தந்தையா, நம் தந்தையா?

சென்ற வாரம் வகுப்பிலே தன்மைப் பன்மையை விளக்கிக்கொண்டிருந்தேன். ‘நாம்’ என்பது கேட்போரையும் உளப்படுத்துவது. ‘நாங்கள்’ என்பது அவரை விலக்கி நிற்பது. எளிய விதியே. ஆயினும் யாழ்ப்பாணப் பேச்சு வழக்கிலே ‘நாங்கள்’ ஈரிடத்தையும் பற்றிக்கொண்டமையால், “ஐயா, இவ்வேறுபாடு இன்றியும் காரியம் நடக்கின்றதே, கற்பது எதற்கு?” என்று ஒரு மாணவன் வினவினான். உடனே விடை கூற இயலவில்லை.

அன்றிரவு, முன்பு படித்ததொன்று நினைவுக்கு வந்தது. ஒக்ஸ்போட்டிலே பேராசிரியராயிருந்த ஜே. ஆர். ஆர். ரோல்கீன் (1892–1973) தம் கதைகளில் வரும் எல்வ் இனத்தாருக்கெனக் குவென்யா என்னும் மொழியொன்றைத் தாமே படைத்தவர். கத்தோலிக்கராகிய அவர், இயேசு பெருமான் கற்பித்த செபத்தை 1950களில் அம்மொழியிலே பெயர்த்தார். தம் வாழ்நாளில் அதனை வெளியிட்டாரல்லர். 2002 ஜனவரியிலே ‘வின்யார் தெங்வார்’ என்னும் ஆய்விதழ் அதன் ஆறு படிகளையும் பதிப்பித்தது.

அச்செபத்தின் முதற்சொல் ‘ஆத்தரெம்ம’ என்பது. ‘அத்தர்’ என்றால் தந்தை. நம் ‘அத்தன்’ என்பதோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலே. ஈற்றில் நிற்கும் விகுதிக்குப் பொருள் ‘எங்கள்’, ‘நம்’ அன்று. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் இரண்டிற்கும் ஒரு சொல்லே உண்டாதலின், அங்கே இவ்வினா எழாது. வேறுபாடுள்ள மொழியிலோ பெயர்ப்பவர் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். ‘நம் தந்தையே’ என்றால் இறைவன் தனக்குந் தானே தந்தையாவான். ‘நம் பாவங்களைப் பொறுத்தருளும்’ என்றாலோ அவனும் பாவத்திற் பங்காளியாவான்! தமிழிற் பெயர்த்தோரும் இதனையுணர்ந்து ‘எங்கள்’ என்றே அமைத்தனர்.

எவர்க்கும் தாய்மொழியல்லாத ஒன்றிலே செபத்தைப் பெயர்ப்பது வெறும் விளையாட்டன்றோ எனச் சிலர் வினவலாம். ஆறு படிகள் எழுதிய கையை விளையாட்டுக் கையென்று கூற என் மனம் ஒப்பவில்லை.

மறுநாள் இதனை வகுப்பிலே கூறினேன். கேள்வி கேட்ட மாணவன், நாடோறும் தான் சொல்லும் அச்செபத்தை மெல்லச் சொல்லிப் பார்த்தான். ‘எங்கள்’ என்னுமிடத்திலே நின்றான். “மாற்ற முடியாது, ஐயா” என்றான்.

ஒருவர் தனித்திருந்து படைத்த மொழியிலே முயன்று அமைத்துக்கொண்ட நுட்பத்தை, நாம் தாய்ப்பாலோடு பெற்றும் நழுவ விடுகின்றோம். ‘நாம்’ என்றே எழுதினேன். வாசகர்காள், உங்களையும் உளப்படுத்தியே எழுதினேன்.