பவர் ஹவுஸுக்கு பாம் வெச்சவன் ஹீரோவா?!

செமஸ்டர் லீவ் விட்டாச்சு. ஊரு நெய்வேலி. மே மாச வெயில். மத்தியானம் மொட்டை மாடியில முட்டையை உடைச்சு ஊத்தினா, அடுப்பு இல்லாமலே ஆம்லெட் ரெடி! அதனால, நல்ல பிள்ளையா வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து உலகத்தைக் காப்பாத்தலாம்னு முடிவு பண்ணினேன்.

அதுக்கு நான் பிடிச்ச வழி, 'ஃபைனல் ஃபேன்டஸி 7'. ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1997 ஜனவரியில் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட ரோல் பிளேயிங் கேம். அந்தக் காலத்துலயே மூணு சி.டி.! பேரு என்னவோ 'ஃபைனல்'. ஆனா அது ஏழாவது பாகம். 2023-ல பதினாறாவது பாகமே வந்துடுச்சு. 'இதுதாண்டா மச்சான் என்னோட கடைசி அரியர்'னு ஒவ்வொரு செமஸ்டரும் சத்தியம் பண்ற நம்ம பசங்களைத்தான் ஞாபகப்படுத்துது.

ஹாஸ்டல்ல விளையாடியிருந்தா இது சாதாரண கேம். நெய்வேலியில, அனல் மின் நிலையத்துல ஷிப்ட் பார்க்கிற அப்பா பின்னாடி நிற்கும்போது விளையாடினது தான் வம்பாப் போச்சு!

அப்பாவின் முதல் கேள்வி

கதை இதுதான். மிட்கார்னு ஒரு மாநகரம். அதை நடத்துறது ஷின்ரா என்கிற மின்சாரக் கம்பெனி. நகரத்தைச் சுத்தி எட்டு ரியாக்டர்கள். பூமிக்கு அடியில ஓடுற 'மாக்கோ' என்கிற உயிர்ச் சக்தியை உறிஞ்சி, கரன்ட் எடுக்கிறாங்க. 'இப்படியே உறிஞ்சினா கிரகமே செத்துடும்'னு ஒரு கும்பல் கிளம்புது. தலைவன் பாரெட். ஒரு கைக்குப் பதிலா துப்பாக்கி. கூலிக்கு வர்ற வீரன் கிளவுட். ஆளைவிடப் பெரிய கத்தி, அதைவிடப் பெரிய ஹேர்ஸ்டைல். முதல் வேலைக்கு அவனுக்குச் சம்பளம் 1,500 கில். எவ்வளவோ பரவாயில்லை. நம்ம ஊர்ல இன்டர்ன்ஷிப்புக்கு டீ மட்டும்தான்!

கேம் தொடங்கி அஞ்சே நிமிஷத்துல கிளவுட் ரியாக்டருக்குள்ள புகுந்து குண்டு வைக்கிறான். நான் வெறித்தனமா பட்டனைத் தட்டிக்கிட்டு இருக்கேன். பின்னாடி இருந்து ஒரு குரல்.

''யார்றா இவன்?''

''ஹீரோப்பா.''

''என்ன பண்றான்?''

''பவர் ஹவுஸுக்கு பாம் வைக்கிறான்.''

அப்பா ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசலை. காபி டம்ளரைக் கீழே வெச்சார். ''பவர் ஹவுஸுக்கு பாம் வைக்கிறவன் ஹீரோவா? சரி... அந்த ஷிப்ட்ல இருந்தவங்க என்னடா ஆனாங்க?''

அட... அதை நான் யோசிக்கவே இல்லையே! ''அதெல்லாம் காட்ட மாட்டாங்கப்பா'' என்று சமாளித்தேன். ''காட்ட மாட்டாங்க'' என்று சொல்லிவிட்டு, அப்பா ட்யூட்டிக்குக் கிளம்பிட்டார். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி மண்டைக்குள்ள 'லோடிங்...'லயே நின்னுடுச்சு.

பீரோ திறக்கும் ஹீரோ

அம்மாவின் பிரச்னை வேற. ஜப்பான் ஆர்.பி.ஜி. ஹீரோக்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த வீடா இருந்தாலும் கதவைத் தட்டாம உள்ளே போவாங்க. பெட்டியைத் திறப்பாங்க. இருக்கிறதை எடுத்து பையில போட்டுப்பாங்க. வீட்டுக்காரர் பக்கத்துலயே நின்னு, அதே டயலாக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லிட்டு இருப்பார்.

''ஏண்டா, அவங்க வீட்டுப் பொருளை எடுக்கறானே, ஒரு வார்த்தை கேக்க மாட்டானா?'' என்றார் அம்மா.

''உலகத்தைக் காப்பாத்தப் போறான்மா.''

''அதுக்கு? முதல்ல அந்தம்மாவுக்கு ஒரு நன்றி சொல்லச் சொல்லு!''

இன்னொரு அதிசயம், தூக்கம். கத்திக்குத்து, விஷம், தீக்காயம்... எதுவா இருந்தாலும் சத்திரத்துல ஒரு ராத்திரி படுத்தா காலையில எல்லாம் சரி! இந்த டெக்னாலஜி ஹாஸ்டலுக்கு வந்தா இன்டர்னல் மார்க்கும் சரியாகுமான்னு விசாரிக்கணும்.

கிளவுட் சண்முகி

ஒரு கட்டத்துல, டான் கோர்னியோ என்கிற ஜொள்ளு வில்லன் வீட்டுக்குள்ள போகணும். பெண்களுக்கு மட்டும்தான் அனுமதி. நம்ம வீராதி வீரன் என்ன பண்றான்? கவுன் தைக்கச் சொல்றான். விக் வாங்க ஜிம்முல பஸ்கி போட்டி போடறான். ஜப்பான்காரன் இதை 1997-ல யோசிச்சான். நம்ம கமல் 1996-லயே 'அவ்வை சண்முகி'யில முடிச்சுட்டார். காப்பிரைட் கேட்கலாமா பாஸ்?

அடுத்து ஷின்ரா தலைமை அலுவலகம். உள்ளே நுழைய ரெண்டு வழி. நேரா லிஃப்ட்டுக்குப் போய் அடிதடி. இல்லைன்னா, சத்தம் போடாம ஐம்பத்தொன்பது மாடி படிக்கட்டு. நான் வீரமா படிக்கட்டைத் தேர்ந்தெடுத்தேன். பாதி வழியில பாரெட் மூச்சு வாங்கிப் புலம்ப ஆரம்பிச்சுட்டான். உட்கார்ந்து பட்டன் அமுக்கின எனக்கே மூச்சு வாங்குச்சு!

மேலே போனா, டாய்லெட் வழியா ஏறி, ஏர் டக்ட்டுல தவழ்ந்து, கம்பெனியின் மீட்டிங்கை ஒட்டுக் கேட்கலாம். உலகத்தை அழிக்கிற சதி நடக்கும்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டா... மின் கட்டணத்தை 15 சதவிகிதம் உயர்த்தலாமான்னு பேசிட்டு இருக்காங்க! ஒரு குண்டு அதிகாரி குஷியில பாட்டே பாடறார். கட்டணம் ஏறினதும் பாடற அதிகாரியை ஜப்பான்காரன் கற்பனையா எழுதினானா, பார்த்து எழுதினானான்னு தெரியலை.

இன்னொரு காமெடி, இங்கிலீஷ். ஜப்பானிய மொழியில இருந்து அவசரமா மொழிபெயர்த்ததுல, ஹீரோயின் ஏரிஸ் ஒருத்தரைக் காட்டி, 'திஸ் கய் ஆர் சிக்' என்கிறாள். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குப் பயந்து ஓடும் பசங்களே, தைரியமா இருங்க. அந்த இங்கிலீஷ் உலகம் பூரா வித்திருக்கு!

நம்பர்தான் அட்ரஸ்

இதுவரைக்கும் சிரிச்சுட்டுதான் இருந்தேன். ஒரு ரயில் காட்சியில சிரிப்பு நின்னுடுச்சு.

மிட்கார்ல எட்டு செக்டர். செக்டர் 1, செக்டர் 2-னு நம்பர் மட்டும்தான். முன்னாடி ஒவ்வொண்ணும் தனித்தனி ஊராம். பேரும் இருந்ததாம். இப்போ அந்தப் பேர் யாருக்குமே ஞாபகம் இல்லைன்னு போற போக்குல சொல்றாங்க.

எங்க டவுன்ஷிப்ல ''வீடு எங்கே?''ன்னு கேட்டா என்ன சொல்வோம்? ''எந்த பிளாக்?'' அதுதான் பதில். இங்கே எல்லாமே நம்பர்தான். நேரான ரோடு, வரிசையா மரம், ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ். நான் பிறந்ததுல இருந்து இதைப் பெருமையாத்தான் சொல்லிட்டு இருக்கேன். இந்த நம்பருக்கு அடியில என்ன பேர் இருந்ததுன்னு ஒரு நாள்கூட கேட்டதில்லை.

எங்க ஊர்க் கதையும் ஒரு ஆர்.பி.ஜி. ஓப்பனிங் மாதிரிதான் இருக்கும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துல கிணறு தோண்டும்போது கறுப்பா ஏதோ வந்தது. பழுப்பு நிலக்கரி! 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் உருவானது. 1957 மே மாதம் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தவர் பிரதமர் நேரு. 1962-ல் சோவியத் யூனியன் உதவியோடு முதல் மின் உற்பத்தி.

கேம்ல, இறந்த உயிர்களின் சக்திதான் மாக்கோ. அது கட்டியானா 'மெட்டீரியா' என்கிற மந்திரக் கல். லிக்னைட்டும் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னாடி புதைஞ்ச செடி, கொடி, மரங்கள்தானே? என்ன, நம்ம கல்லை வெச்சு மந்திரம் போட முடியாது. ஃபேன்தான் போட முடியும்!

கேம்ல வர்ற முதல் பெரிய எதிரி, ஒரு எந்திரத் தேள். பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான். எங்க சுரங்கத்துல சக்கரம் முழுக்க வாளியோட மண்ணை அள்ளுற 'பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்' முன்னாடி, அந்தத் தேள் வெறும் பாச்சை!

நிலக்கரி ஊர்க்காரன்

பாரெட்டுக்கு ஏன் இவ்வளவு கோபம்? பதில், கோரல் என்கிற இடத்துல கிடைக்குது. அது அவன் சொந்த ஊர். நிலக்கரிச் சுரங்க ஊர். 'நிலக்கரி காலம் முடிஞ்சது, ரியாக்டர் வந்தா எல்லாரும் நல்லா இருக்கலாம்'னு ஷின்ரா சொல்லுது. ஒரே ஒருத்தன், டைன், எதிர்க்கறான். 'வரட்டும்'னு ஊரை ஒத்துக்க வெச்சவங்கள்ல ஒருத்தன்... பாரெட்! அப்புறம் ரியாக்டர்ல விபத்து. பழியை ஊர் மேல போட்டு, ஷின்ரா ஊரையே எரிச்சுடுது. தப்பிச்சவங்க தகரக் கொட்டகையில. தலைக்கு மேல ரோப்வேயில போனா, ஜிகுஜிகுன்னு ஒரு தீம் பார்க்.

அன்னிக்கு அப்பா வீக்லி ஆஃப். முழுசாப் பார்த்தார். ''ஓ... அவனும் நிலக்கரி ஊர்க்காரன்தானா?'' என்றார். அவ்வளவுதான். அப்புறம் பாரெட் திரையில வந்தா திட்டறதை நிறுத்திட்டார்.

ஷின்ராவும் எங்க ஊரும் ஒண்ணுன்னு நான் சொல்லலை. அது சொந்தமா ராணுவம் வெச்சிருக்கிற வில்லன் கம்பெனி. இது பொதுத்துறை நிறுவனம். தென் மாநிலங்களுக்கு வெளிச்சம் கொடுத்திருக்கு. எனக்கு ஸ்கூல் ஃபீஸும் கொடுத்திருக்கு. ஆனா, திறந்தவெளிச் சுரங்கம்னா மேலே இருக்கிற மண்ணை முழுசா எடுக்கணும். அழுத்தத்தோட இருக்கிற நிலத்தடி நீரை இறைச்சுக்கிட்டே இருக்கணும். மண்ணு போகணும்னா மண்ணு மேல இருக்கிற ஊரும் போகணும்.

2023 ஜூலையில வளையமாதேவியில பரவனாறு கால்வாய் வேலைக்காக, நெற்பயிர் நின்ன வயல்ல எந்திரங்கள் இறங்கின. 'நிலம் பல வருஷம் முன்னாடியே கையகப்படுத்தியாச்சு' என்றது நிறுவனம். 'அறுவடை வரைக்குமாவது விட்டிருக்கலாமே' என்றார்கள் விவசாயிகள். போராட்டம், கைதுன்னு ஊரே கொதிச்சது. பக்கத்துல வடலூர். பயிர் வாடினாலே மனசு தாங்காத வள்ளலாரின் ஊர்!

கேம்ல மட்டும் வில்லனுக்குக் கறுப்பு கோட்டு போட்டுடறாங்க. எவ்வளவு வசதி!

பூனை சொன்ன பதில்

நடுவுல ஒரு சோகம். முதல் சி.டி. முடியும்போது ஏரிஸ் கொல்லப்படறா. அம்மா துடிச்சுட்டார். ''அந்த இறகு மருந்தைக் குடுக்கச் சொல்லுடா!'' அவர் சொன்னது 'ஃபீனிக்ஸ் டவுன்'. 300 கில் கொடுத்தா கடையிலயே கிடைக்கும், சண்டையில விழுந்தவங்க எழுந்துடுவாங்க. என் பையில அது இருபது இருந்தது. ஆனா கதையில செத்தா செல்லாதாம். ''என்ன கேம்டா இது!'' என்று டி.வி. சீரியலுக்குப் போயிட்டார்.

முப்பது மணி நேர விளையாட்டுக்கு அப்புறம், ரெண்டாவது சி.டி.யில அந்தக் காட்சி வந்தது. பாரெட் கூட்டத்துல கெய்ட் சித்னு ஒரு பொம்மைப் பூனை. அதைத் தூரத்துல இருந்து இயக்குறவர் ரீவ், ஷின்ராவின் நகர்க் கட்டமைப்புத் தலைவர். அதாவது நம்ம பாஷையில, டவுன்ஷிப் ஆபீஸ் பெரிய சார்! பாரெட் ஷின்ராவைத் திட்டும்போது அந்தப் பூனை திருப்பிக் கேட்குது... முதல் ரியாக்டரை வெடிச்சியே, அதுல எத்தனை பேர் செத்தாங்க தெரியுமான்னு. கிரகத்துக்காகச் சில உயிர் போகத்தான் செய்யும் என்கிறான் பாரெட். உனக்கு அது 'சில', செத்தவங்களுக்கு அதுதானே எல்லாம் என்கிறது பூனை.

அப்பா கேட்ட அதே கேள்வி! அஞ்சாவது நிமிஷத்துல அவர் கேட்டதை, ஜப்பான்காரன் எழுதித்தான் வெச்சிருக்கான். நான்தான் அதைக் கேட்காமலே முப்பது மணி நேரம் பட்டனைத் தட்டிட்டு இருந்திருக்கேன். கடைசியில பாரெட்டே, 'நாங்க பண்ணினது மன்னிக்க முடியாதது'ங்கற மாதிரி ஒத்துக்கறான். 2020-ல் வந்த ரீமேக்ல, குண்டு வெடிச்ச பிறகு எரியற தெரு வழியா, அழற ஜனங்களுக்கு நடுவுல கிளவுட்டை நடக்கவே வைக்கறாங்க.

ஐந்நூறு வருஷம் கழித்து

கிளைமாக்ஸ் வில்லன் செஃபிரோத் 'சூப்பர்நோவா'ன்னு ஒரு அடி வெச்சிருக்கான். வால் நட்சத்திரம் வந்து, கிரகங்களை இடிச்சு, சூரியனே வெடிக்கும். ரெண்டு நிமிஷம் ஓடும் அந்த சீன். நடுவுல போய்த் தண்ணி குடிச்சுட்டே வரலாம். சூரியன் வெடிச்சும் ஹீரோ சாக மாட்டான். அடுத்த ரவுண்டுல அதே சூரியன் மறுபடியும் வெடிக்கும்!

கடைசிக் காட்சிக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். ஐந்நூறு வருஷம் கழிச்சு... மிட்கார் முழுக்கச் செடி, கொடி. ரியாக்டர் எல்லாம் பச்சைக்குள்ள மூழ்கிக் கிடக்கு. மனுஷ நடமாட்டமே இல்லை.

அப்பா ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தார். அவர் முதன்முதலா வேலைக்குச் சேர்ந்தது பழைய முதல் அனல் மின் நிலையத்துல. 1962-ல ஓட ஆரம்பிச்சது. 2020-ல நிறுத்தியாச்சு.

''நல்லாத்தான் இருக்கு'' என்றார். ''ஆனா, அதுவரைக்கும் லைட்டு யாருடா குடுப்பா?''

என்கிட்ட பதில் இல்லை. மூணு சி.டி.யிலயும் இல்லை. நான் படிக்கிறது எலெக்ட்ரிக்கல். சிலபஸ்ல இருக்கான்னு பார்க்கணும். இல்லைன்னா எங்க பேட்ச்தான் எழுதணும்.

நைட் ஷிப்ட்டுக்கு வண்டியை எடுத்தவர், வாசல்ல இருந்து திரும்பிச் சொன்னார்:

''முடிஞ்சுதுல்ல? அணைச்சுட்டுத் தூங்கு. கரன்ட் சும்மாவா வருது?''