பிரஷர் குளிசையும் வீங்கும் காலும்

அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் பிரஷருக்குக் கிளினிக் போகிறவர்களின் கொப்பியில் 'அம்லோடிபின்' என்ற பெயரை அடிக்கடி காணலாம். இது கல்சிய வழித் தடுப்பு மருந்து வகையைச் சேர்ந்தது. பெயரைக் கேட்டதும், "கல்சியத்தைத் தடுத்தா எலும்பு தேயாதா? பால் குடிக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. எலும்பு தேயாது, பாலும் குடிக்கலாம்.

இரத்தக் குழாயின் சுவரில் மெல்லிய தசை இருக்கிறது. அத்தசைக் கலங்களுக்குள் நுண்ணிய வழிகளால் கல்சியம் புகும்போது தசை சுருங்கும், குழாய் ஒடுங்கும், அமுக்கம் ஏறும். மருந்து அந்த வழிகளை ஓரளவு அடைக்க, குழாய் தளர்ந்து அமுக்கம் இறங்குகிறது. 1960களில் ஜெர்மனியில் அல்பிரெக்ட் ஃபிளெக்கன்ஸ்டைன் என்ற அறிஞர் இந்தச் செயலை விளக்கினார்.

குழாய் தளர்வதால்தான் சிலருக்குக் கணுக்கால் வீங்குகிறது. நாள் முழுக்க நின்று கொழுந்து பறிப்பவர்களுக்கும் கடையில் நிற்பவர்களுக்கும் பின்னேரத்தில் வீக்கம் கூடும். "கிட்னி பழுதாப் போச்சு" என்று பயந்து குளிசையைத் தாமாகவே நிறுத்துவதுதான் ஆபத்து. தலைவலி, தலைசுற்று எதுவும் இல்லாமலே அமுக்கம் ஏறி, பாரிசவாதத்தில் கொண்டுபோய் விடலாம். வீக்கத்தை டொக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது லொசார்டன் போன்ற வேறொன்றைச் சேர்ப்பார். மூச்சு வாங்கினாலோ முகமும் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டாவது குளிசை எழுதினால் வருத்தம் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. 2016-17இல் நம் நாட்டுக் கிளினிக்குகளில் 700 பேரைக் கொண்டு 'ட்ரையம்ஃப்' என்ற ஆய்வு நடந்தது. டெல்மிசார்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தலிடோன் 12.5 மில்லிகிராம் என மூன்றையும் ஒரே குளிசையாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் நூற்றுக்கு 70 பேரின் அமுக்கம் இலக்குக்கு வந்தது. வழமையான சிகிச்சை பெற்றோரில் 55 பேருக்கே வந்தது. சிறு சிறு அளவாகப் பல மருந்து சேர்ந்தால் பலன் கூடுகிறது.

இனி நோன்பு. அம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணித்தியாலம் பிடிக்கும். ஆகவே நாளுக்கு ஒரு தடவை போதும். நோன்பு திறந்த பிறகோ ஸஹரிலோ குடிக்கலாம். காலையில் குடித்தாலும் இரவில் குடித்தாலும் மாரடைப்பு, பாரிசவாதம் வரும் வாய்ப்பில் வித்தியாசமில்லை என்று 2022இல் வெளியான, 21,000 பேருக்கு மேல் பங்குகொண்ட பிரித்தானிய ஆய்வு காட்டியது. ஆனால் நிஃபெடிபின் சிலருக்கு இரண்டு வேளை கொடுக்கப்படும். சலம் போக்கும் குளிசையும் சேர்ந்திருக்கலாம். ஷஃபான் மாதத்திலேயே கொப்பியோடு போய் டொக்டரிடம் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவாடு, அச்சாறு, உப்பு ஆகியவற்றைக் குறைத்தால் மருந்துக்கும் வேலை இலேசாகும். குளிசை முடிவதற்குள் அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுங்கள். பிரஷர் இறங்கிவிட்டால், அது குளிசை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், நிறுத்துவதற்கான அனுமதி அல்ல.