பழ ஈயின் ஏழாவது செல்

பழ ஈயின் ஒரு கண் சுமார் 800 சிறுகண்களின் தொகுப்பு. சிறுகண் ஒவ்வொன்றிலும் எட்டு ஒளியுணர் செல்கள். ஏழாவது செல் புற ஊதா ஒளியைப் பார்ப்பதற்கு. அந்தச் செல் மட்டும் இல்லாமல் பிறக்கும் ஈக்களை 1970களில் சீமோர் பென்சரின் கலிஃபோர்னிய ஆய்வகத்தில் கண்டார்கள். அவற்றில் பழுதாகியிருந்த மரபணுவுக்கு ‘செவன்லெஸ்’ என்று பெயர்.

இந்த மரபணு தரும் புரதம் செல்லின் மேற்பரப்பில் இருந்துகொண்டு, எட்டாவது செல்லிடமிருந்து ‘நீ ஏழாவதாக ஆகு’ என்ற உத்தரவை வாங்குகிறது. வாங்கிய உத்தரவை உள்ளே எடுத்துப்போவது யார்? கண்டுபிடிப்பது லேசல்ல. மரபணு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதிகள். ஒன்று கெட்டால் மற்றது சமாளித்துவிடும். இரண்டும் கெட்டால், உடம்பு முழுக்கத் தேவைப்படும் மரபணு என்றால், ஈ புழுவாகவே செத்துப்போகும். பார்ப்பதற்குக் கண்ணே இருக்காது.

பெர்க்லியில் மைக்கேல் சைமனும் ஜெரால்டு ரூபினும் செவன்லெஸ்ஸையே பாதி முடக்கினார்கள். அவர்கள் உருவாக்கிய ஈக்களுக்கு 22.7 டிகிரி செல்சியஸில் ஏழாவது செல் வரும், 24.3 டிகிரியில் வராது. குளிர்ந்த பக்கத்தில் வளர்த்தால் உத்தரவு தட்டுத்தடுமாறித்தான் போய்ச்சேரும். அந்த நிலையில் வேறொரு மரபணுவின் ஒரே ஒரு பிரதி கெட்டாலும் போதும், ஏழாவது செல் காணாமல் போகும். நுண்ணோக்கியில் தெரிவது இவ்வளவுதான்: ஆறு புள்ளிகளுக்கு நடுவே இருக்க வேண்டிய சின்னப் புள்ளி இல்லை. சுமார் 30,000 ஈக்களை இப்படிச் சலித்து, ஏழு மரபணுக்களைப் பிடித்தார்கள். 1991இல் வெளியான அந்த ஆய்வின் பெரிய அறுவடை ‘ராஸ்’, ‘சன் ஆஃப் செவன்லெஸ்’ என்ற இரண்டும். இவற்றின் இழப்பு குறையைக் கூட்டுகிறது என்பதால் மரபியலில் இவை கூட்டும் வகை. கூடுவது குறைதான், கண்ணின் திறன் அல்ல. புதிதாகப் படிப்பவர்கள் இங்கேதான் குழம்புவார்கள்.

அதே ஆண்டில், அதே ‘சன் ஆஃப் செவன்லெஸ்’ எதிர்த்திசையிலிருந்தும் அகப்பட்டது. உத்பல் பானர்ஜியின் லாஸ் ஏஞ்சலிஸ் குழு, பழுதான செவன்லெஸ் கொண்ட ஈக்களில் ஏழாவது செல்லைத் திரும்ப வரவழைக்கும் மாற்றத்தைத் தேடியது. கிடைத்தது இந்த மரபணுவின் வீரியம் கூடிய வடிவம். ஆக, தளர்ந்தால் குறையைக் கூட்டுவதும் முடுக்கினால் குறையை அடக்குவதும் ஒரே மரபணு. ஒரு மரபணுவைக் ‘கூட்டி’ என்றோ ‘அடக்கி’ என்றோ நிரந்தரமாக முத்திரை குத்துவதில் அர்த்தமில்லை.

யார் முன்னே, யார் பின்னே என்பதும் இந்த முறையிலேயே தெரிந்தது. ராஸை எப்போதும் இயங்கும்படி மாற்றினால் செவன்லெஸ் இல்லாமலே ஏழாவது செல் வந்துவிடுகிறது. எனவே ராஸ் இருப்பது அதற்குப் பின்னே. மனித உடலிலும் இதே வரிசைதான். பல புற்றுக்கட்டிகளில் ராஸ் இப்படித்தான் நிறுத்தமில்லாமல் இயங்குகிறது. ‘எஸ்ஓஎஸ்1’ என்ற மனித மரபணுவுக்குப் பெயர் வந்தது ஈயின் ‘சன் ஆஃப் செவன்லெஸ்’ஸிடமிருந்து.