சூரியன் சீறும் நேரத்தில் போர் நடந்தால்...

1967 மே 23. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணு ஆயுதங்களோடு முறைத்துக்கொண்டு நின்ற காலம். ஏவுகணை வருகிறதா என்று கண்காணிக்க அலாஸ்கா, கிரீன்லாந்து, இங்கிலாந்து ஆகிய மூன்று இடங்களில் அமைக்கப்பட்டிருந்த ரேடார்கள் ஒரே நாளில் இரைச்சலில் மூழ்கின. சோவியத் படைதான் அவற்றை முடக்குகிறது என்று அமெரிக்கத் தளபதிகள் சந்தேகித்தார்கள். அப்படி முடக்குவது போர் தொடுப்பதற்குச் சமம். அணுகுண்டு சுமக்கும் விமானங்கள் கிளம்பத் தயாராயின.

அவற்றைத் தரையிலேயே நிறுத்தியது, கொலராடோவில் சூரியனைக் கண்காணித்துக்கொண்டிருந்தவர்கள் கொடுத்த தகவல். சூரியனில் பெரும் வெடிப்பு நிகழ்ந்திருந்தது. அதிலிருந்து பாய்ந்த ரேடியோ அலைகள்தான் ரேடார்களைக் குழப்பியிருந்தன. அமெரிக்க விமானப்படை அந்தக் கண்காணிப்பைத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தொடங்காமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி, இந்த விவரங்களை ஆய்வாளர்கள் 2016-இல் விரிவாக வெளியிட்டபோது எழுந்தது.

சூரியன் போர்க்களத்தில் குறுக்கிட்டது அந்த ஒரு முறை மட்டுமல்ல. 1972 ஆகஸ்ட் 4 அன்று வடக்கு வியட்நாம் கடலோரத்தில் அமெரிக்கா கடலுக்குள் போட்டிருந்த கண்ணிவெடிகள் தாமாகவே வெடித்தன. ஓரிடத்தில் சுமார் 30 நொடிகளுக்குள் இரண்டு டஜன் வெடிப்புகளை விமானிகள் பார்த்தார்கள். கப்பலின் இரும்பு உண்டாக்கும் காந்த மாறுதலை உணர்ந்து வெடிக்கும் வகை அது. அன்று அவற்றை வெடிக்க வைத்தது கப்பல் அல்ல. சூரியப் புயல் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கியதே போதுமானதாக இருந்தது.

சூரியப் புயல் என்பது என்ன? சூரியன் சில நேரங்களில் பல நூறு கோடி டன் மின்னூட்டத் துகள்களைக் காந்தப்புலத்தோடு சேர்த்து வெளியே எறிகிறது. அந்த மேகம் பூமியின் காந்தப்புலத்தில் மோதினால் நிலத்தில் மின்னோட்டம் உண்டாகிறது. 1859 செப்டம்பரில் இங்கிலாந்தின் வானியலாளர் ரிச்சர்ட் கேரிங்டன் பார்த்த வெடிப்பை அடுத்து அந்த மேகம் 18 மணி நேரத்துக்குள் பூமியை எட்டியது. பாஸ்டன் - போர்ட்லாந்து தந்திக் கம்பியில் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, வானம் கொடுத்த மின்சாரத்திலேயே ஊழியர்கள் செய்தி அனுப்பினார்கள். மும்பை கொலாபா ஆய்வகத்தின் காந்தமானியில் அன்று பதிவான சரிவு, அந்தப் புயலின் வலிமைக்கு இன்றும் முக்கியச் சான்று.

1859-இல் பாதிக்கப்பட்டது தந்தி மட்டுமே. இன்றைய நிலைமை வேறு. 1989 மார்ச் 13 அதிகாலையில், அதைவிடச் சிறிய புயல் ஒன்று கனடாவின் கியூபெக் மாகாண மின்தொகுப்பை சுமார் 90 நொடிகளில் வீழ்த்தியது. 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தார்கள். நிலத்தடிப் பாறைகள் மின்சாரத்தைக் கடத்தாததால், நிலத்தில் உண்டான மின்னோட்டம் நீண்ட மின்கம்பிகள் வழியே உயர் அழுத்த மின்மாற்றிகளுக்குள் புகுந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சேலம் அணுமின் நிலையத்தின் பெரிய மின்மாற்றி அந்தப் புயலில் கருகியது.

மின்மாற்றி. சூரியனும் போரும் அடிக்கும் இடம் இதுதான்.

2022 அக்டோபர் முதல் ரஷ்யா உக்ரைனின் மின்நிலையங்களையும் துணை மின்நிலையங்களையும் குறிவைத்து ஏவுகணை வீசிவருகிறது. 2024-இன் முதல் பாதியில் மட்டும் 9,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட உற்பத்தித் திறனை அந்த நாடு இழந்தது. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள மின்மாற்றிகள் ஒவ்வொரு மின்தொகுப்புக்கும் ஏற்பத் தனித்தனியே செய்யப்படுபவை. ஆர்டர் கொடுத்தால் கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகும். உக்ரைனில் 330, 750 கிலோவோல்ட் தடங்கள். மேற்கு ஐரோப்பாவில் 400. அதனால் அண்டை நாட்டு உதிரிகள்கூட எளிதில் பொருந்துவதில்லை. அதே 330 கிலோவோல்ட் அமைப்பைக் கொண்ட லிதுவேனியா கொடுத்த மின்மாற்றிகள் அங்கே பொக்கிஷமாயின. ஸபோரிஷியா அணுமின் நிலையமோ வெளி மின்சாரத்தை முற்றிலும் இழந்து, உலைகளைக் குளிர்விக்க டீசல் ஜெனரேட்டர்களை நம்பும் நிலைக்குப் பலமுறை தள்ளப்பட்டது.

ஆபத்தின் முழு அளவு இங்கேதான் தெரிகிறது. உடைந்ததைச் சரிசெய்யும் வரைதான் நாகரிகம் தாக்குப்பிடிக்கும். நீண்ட போர், உதிரிகளையும் தொழிற்சாலை நேரத்தையும் பொறியாளர்களையும் விழுங்கிக்கொண்டே இருக்கிறது. இந்த நேரத்தில் 1859 போன்ற புயல் வந்து பல நாடுகளின் மின்மாற்றிகள் ஒருசேரக் கருகினால், மாற்றித் தர யாரிடமும் மிச்சம் இருக்காது. மின்சாரம் நின்றால் குடிநீர், மருத்துவமனை, வங்கி, செல்போன் எல்லாம் வரிசையாக நிற்கும்.

இது வெறும் கற்பனை அல்ல. 2012 ஜூலை 23 அன்று கேரிங்டன் புயலுக்கு நிகரான ஒரு மேகம் பூமியின் சுற்றுப்பாதையைக் கடந்தது. சுமார் ஒரு வாரம் முன்பு வெடித்திருந்தால் பூமி அதன் வழியில் இருந்திருக்கும். 2024 மே மாதப் புயலில் லடாக்கின் ஹான்லே வரை வானம் சிவந்தது. அமெரிக்க விவசாயிகளின் ஜிபிஎஸ் டிராக்டர்கள் விதைப்பின் நடுவே தடுமாறின. பால்டிக் கடலோரத்தில் போரின் காரணமாக ஜிபிஎஸ் முடக்கம் அன்றாட நிகழ்வாகிவிட்டது. அங்கே திடீரென்று சிக்னல் அறுந்தால், எதிரி முதலிலும் சூரியன் பிறகும்தான் நினைவுக்கு வருவார்கள். 1967-இன் குழப்பம் மீண்டும் நேரச் சாத்தியம் உண்டு.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இந்திய மின்தொகுப்புக்கு, கனடா, ஸ்காண்டிநேவியா அளவுக்கு ஆபத்து இல்லை. ஆனால் நம் செயற்கைக்கோள்களுக்கும் விமானத் தொடர்புக்கும் உண்டு. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இந்திய விண்கலம் ஆதித்யா எல்-1, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனைப் பார்க்கிறது. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. ஆதித்யா நிற்கும் இடத்தைக் கடக்கும் துகள்கள் பூமியைத் தொட ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ ஆகும். மின்தொகுப்பின் சுமையைக் குறைக்கவும், செயற்கைக்கோள்களைப் பாதுகாப்பு நிலைக்கு மாற்றவும் அந்த அவகாசம் உதவும்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு நாடும் பெரிய மின்மாற்றிகளை உதிரியாக இருப்பில் வைக்க வேண்டும். மின்நிலையங்களைத் தாக்குவதைப் போர்க்குற்றமாகக் கண்டித்துத் தண்டிக்க வேண்டும். சூரியக் கண்காணிப்புத் தரவுகளைப் பகை நாடுகளும் போர்க்காலத்திலும் தடையின்றிப் பகிர்ந்துகொள்ள உடன்பாடு வேண்டும். ஆதித்யாவை அனுப்பிய இந்தியா, அந்த உடன்பாட்டுக்கான முதல் குரலை ஐ.நா. சபையில் எழுப்ப வேண்டும்.